படகுக்குள் வந்த ரயில் எஞ்சின்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு முதல் நாளே கம்பெனி வரலாற்றைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு சின்ன டீசல் ரயில் எஞ்சின், அதன் முன்னால் மாலையும் கோட்டுமாகச் சிலர், பிறகு கலரில் ஒரு ஜெனரேட்டர், கடைசியில் கடலில் ஒரு விசைப்படகு. பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் போனேன், தப்பில்லை. அந்தப் படங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் ஓய்வு பெற்றவனைப் பிடித்து வந்து மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். மைக் கைக்கு வந்தால் நான் சீக்கிரம் விடமாட்டேன். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கம்பெனி முதலில் செய்தது பயணிகள் ரயிலை இழுக்கும் பெரிய எஞ்சின் அல்ல. சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை, துறைமுகம் மாதிரி இடங்களில் காம்பவுண்டுக்குள்ளேயே வேகன்களை முன்னும் பின்னும் தள்ளுகிற குட்டி எஞ்சின். அதில் நம்மவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அப்புறம் லாரிகள் பெருகின. ஆலைக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ரயில் எஞ்சின் பிரிவில் எஞ்சின் மாட்டுகிற வேலைக்கு நான் சேர்ந்தபோது அங்கே கடைசி ஆர்டர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அந்தப் பிரிவை மூடினார்கள். ஆனால் வண்டிக்குள் இருந்த டீசல் எஞ்சின் அருமையான எஞ்சின். அதை மட்டும் தனியாக எடுத்து, அடியில் ஒரு இரும்புச் சட்டம் வைத்து, ரைஸ் மில்லுக்கும் கல் கிரஷருக்கும் ஐஸ் பிளான்ட்டுக்கும் விற்றார்கள், கடைசியாகப் படகுக்கு. கம்பெனி பிழைத்தது இப்படித்தான், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

வண்டியை விட்டு இறங்கி வந்தாலும் எஞ்சினுக்குப் பழைய வீட்டுப் பழக்கங்கள் போகவில்லை. நம் பழைய மாடல்களில் முன்பக்கம் போல்ட் போட்டு மூடிய ஒரு தகடு இருக்கும். ரயில் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸர் உட்கார்ந்த இடம் அது. படகில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, மூடிவிட்டோம். இதனால் கெடுதல் எதுவும் கிடையாது. கெடுதல் செய்யக்கூடிய இன்னொரு பழக்கமும் கூடவே வந்தது. அதைத்தான் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

டிரிப் லீவர் என்று ஒன்று. எஞ்சினுக்குள் ஆயில் பிரஷர் குறைந்தால் அந்த லீவர் தானாக விழுந்து டீசலை நிறுத்திவிடும். எஞ்சின் அணைந்துவிடும். ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங் உருகி உள்ளே எல்லாம் ஒட்டிப் பிடித்து, எஞ்சின் இரும்புக் கட்டியாகிவிடும் அல்லவா? அது நடக்காமல் காப்பாற்றுவதற்கு. எஞ்சினைப் பெற்றவர்கள் அதன் உயிருக்குப் போட்ட காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு சர்வீஸ் பார்க்க வந்த புதிதில் நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிரஷரில் இந்த லீவரைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். லோடு நேரத்தில் அடிக்கடி அணைந்து தொல்லை கொடுக்கிறதாம். அணைந்தால் ஏன் என்று பார்க்க வேண்டியதுதானே. பார்க்கவில்லை. கம்பியைக் கட்டினார்கள், ஓட்டினார்கள், ஒரு மத்தியானம் எஞ்சின் ஒட்டிக்கொண்டது. "ஏங்க, காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை ஒடச்சுப் போட்டா சரியாப்போகுமா?" என்று அந்த ஆபரேட்டரிடம் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்துவேன், என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் லீவருக்கு ஈயச் சீல் வைப்போம் என்று தலைமை அலுவலகத்துக்கு யோசனை சொன்னேன். லீவரைக் கட்ட வேண்டுமானால் சீலை உடைத்தாக வேண்டும், உடைந்திருந்தால் வாரண்டி கிடையாது. யோசனை அவர்களுக்குப் பிடித்துப்போனது. மாவட்டம் முழுக்க நானே போய்ச் சீல் வைத்தேன். கிரஷரிலும் ரைஸ் மில்லிலும் அது சரியான காரியம். இன்றைக்கும் சரி என்றே சொல்வேன்.

கடலோரத்தில் ஜெகதாப்பட்டினத்துப் படகுகளிலும் வைத்தேன். அங்கே நம் எஞ்சினுக்கு ரயில் எஞ்சின் என்றே பெயர். "ரயில் எஞ்சின் போட்ட போட்டு", அதாவது படகு, என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி ஒரு படகு கருப்பையா என்பவருடையது. அவருக்கு ஏற்கெனவே ஒரு படகு இருந்து, கடல் எல்லை தாண்டியதாக அக்கரை நேவி பிடித்துக்கொண்டு போய், அங்கேயே வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கிப் போயிற்று. அதை அன்றைக்கு ஓட்டியவர் முருகேசன். படகு ஓட்டுகிறவரை அங்கே டிரைவர் என்றுதான் சொல்வார்கள். சிறையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவரைக் கருப்பையா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடனை உடனை வாங்கி நம் எஞ்சின் வைத்து இரண்டாவது படகைக் கட்டியபோது அதையும் முருகேசன் கையில்தான் கொடுத்தார்.

நான் சீல் வைத்த அன்றைக்கு முருகேசன் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "இத ஒடச்சா என்னா சார் ஆகும்?" என்றார்.

"ஒடச்சீங்கன்னா கம்பெனி பொறுப்பு இல்ல. எஞ்சினு போனாப் போனதுதான்" என்றேன். இன்னும் சில விஷயங்களையும் மிரட்டுகிற தொனியில் சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டினார். மனிதர் ஒரு சொல் கேட்டால் அதைவிட்டு நகராத ரகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் நடந்தது ஒரு காலை நேரத்தில். நான் ஐஸ் பிளான்ட்டில் ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருப்பையா வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"சார், கொஞ்சம் சங்கத்து ஆபீசுக்கு வாங்க. முருகேசன் வயர்லெஸ்ல கூப்புடுறான். எஞ்சினு நிக்கிது. பார்டர் பக்கத்துல நிக்கிறாங்க."

விசைப்படகு சங்க அலுவலகத்தில் வயர்லெஸ் செட்டைச் சுற்றிக் கூட்டம். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகேசனின் மனைவி செல்வி நின்றிருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும் நேராகவே சொன்னார்.

"சார், போன தடவ விடுறப்பவே அங்க ஜட்ஜு சொல்லித்தான் விட்டாரு. மறுக்கா வந்து மாட்டுனா பழசையும் சேத்து வருசக்கணக்குல உள்ள இருக்கணும்னு. கூட இருக்குறவங்களயாச்சும் விட்டுருவாக. இவர விடமாட்டாக."

முதல் தடவை பிடிபட்டவர்களைக் கொஞ்ச நாளில் அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது தடவை என்றால் கதை வேறு, அதிலும் படகை ஓட்டியவருக்கு. அந்தக் கரையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது.

வயர்லெஸ்ஸை வாங்கினேன். முருகேசன் குரல் தெளிவாகவே வந்தது. ஆயில் பிரஷர் இறங்கி லீவர் விழுந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, மூச்சுவிடுவதற்குள் மறுபடி லீவர் விழுகிறது. நங்கூரம் போட்டுப் பார்த்தார்கள், கயிறு அறுந்து போய்விட்டது. கச்சான் காற்று, அதாவது மேற்கே இருந்து அடிக்கிற காற்று, படகைக் கிழக்கே எல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இழுத்து வர வேறு படகு கிட்டத்தில் இல்லை. தூரத்தில் இருந்ததை அங்கே கூப்பிட்டால் அதுவும் சேர்ந்து மாட்டும்.

"போட்டுக்குப் பின்னாடி தண்ணியப் பாருங்க. எண்ணெய் மினுங்குதா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். கலர் கலரா மினுங்குது."

புரிந்துவிட்டது. கடல் தண்ணீரால் ஆயிலைக் குளிர வைக்கிற கூலரில் உள்ளே குழாய் விட்டுவிட்டது. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போகிறது. நடுக்கடலில் அதைச் சரிசெய்ய அவர்களிடம் சாமான் கிடையாது. கூலர் நம்முடையது, கோளாறும் நம்முடையது.

"பேட்டரி எப்படி இருக்கு?"

"எளச்சுக் கெடக்கு சார். இன்னும் ஒருக்கா எடுத்தாப் பெருசு."

கருப்பையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் குரல் மறுபடி வந்தது. "சார், லீவரக் கம்பி போட்டுக் கட்டிட்டா ஓடும். காலையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். சீல் இருக்கு. அண்ணனோட ஒரு போட்ட அங்கிட்டு விட்டுட்டு வந்தவன் நான். இந்த எஞ்சினையும் நானே கொல்லணுமா? நீங்க சொல்லுங்க சார்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களுக்குக் கொடுத்திருக்கிற புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஆயில் பிரஷர் இல்லாமல் எஞ்சினை ஒருபோதும் ஓட்டாதே. மூன்று மொழியில் போட்டிருப்பார்கள். அது யாருக்காக எழுதினது தெரியுமா? தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிக்காக. ரயில் எஞ்சின் அணைந்தால் நின்ற இடத்தில் நிற்கும், டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவார். படகு எஞ்சின் அணைந்தால் படகு நிற்காது. காற்று சொல்கிற பக்கம் போகும். இவ்வளவு காலம் இதே கரையில் சர்வீஸ் பார்த்தும் அந்த நிமிஷம்தான் எனக்கு அது உறைத்தது.

சரி, கட்டச் சொல்லலாம். ஆனால் பாதி வழியில் எஞ்சின் ஒட்டிக்கொண்டால்? எஞ்சினும் போய், திரும்பவும் அலைந்துகொண்டு கிடப்பார்கள். தாங்குமா, எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை என்னால்தான் சொல்ல முடியும். அந்த பேரிங்குகளை நான் கையால் தொட்டு மாட்டியவன். எந்த அளவுக்குக் கொடுமைப்படுத்தலாம் என்று எனக்குத் தெரியும். கரை வரைக்கும் தாங்காது. ஆனால் ஆபத்தான இடத்தைத் தாண்டிவிடும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

கருப்பையாவிடம் சொன்னேன். "கட்டுனா வாரண்டி போயிரும். எஞ்சினும் அநேகமாப் போயிரும். ஆனா ஆளுக இங்கிட்டு வந்துருவாங்க."

அவர் யோசிக்கவே இல்லை. வயர்லெஸ்ஸை என் கையிலிருந்து பிடுங்கி, "ஏப்பா முருகேசா, சார் சொல்றதச் செய்யி. எஞ்சினப் பத்திப் பேச்சே வேணாம்" என்றார்.

நான் சொன்னேன். சீலை வெட்டு. கட்டுக்கம்பி போட்டு லீவரை இறுக்கிக் கட்டு. கேனில் இருக்கிற ஆயில் எல்லாவற்றையும் ஊற்று. அது தீர்ந்தால் வலை இழுக்கிற வின்ச்சுக்கு வைத்திருக்கிற ஆயில். "அதுவும் தீந்தா?" என்றார். சமையலுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பாமாயில் என்றார். அதையும் ஊற்று என்றேன். அவ்வளவு பதற்றத்திலும் ஆபீசில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

எஞ்சின் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. பேசாத நேரத்தில் மைக்கின் பட்டனை அழுத்தியே வைத்து எஞ்சின் அறைப் பக்கம் காட்டச் சொன்னேன். சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வைத்தியம் பார்க்க வேண்டும். முதலில் மெதுவாக ஓட்டச் சொன்னேன். மெதுவாக ஓடினால் பேரிங்குக்குச் சுமை குறைவு. கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் முருகேசன் குரல் வந்தது.

"சார், இந்த வேகத்துக்குக் காத்து ஜெயிக்கிது. ஜிபிஎஸ்ல பின்னாடிதான் போறோம்."

"அப்ப ஏத்துங்க. நல்லா ஏத்துங்க. நான் சொல்றவரைக்கும் எறக்காதீங்க."

ஏற்றினார். படகு மேற்கே வரத் தொடங்கியது. கொஞ்ச தூரம் சத்தம் சுத்தமாக இருந்தது. அப்புறம் அடியில் லேசாக ஒரு தட்டல். யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுகிற மாதிரி. எனக்குத் தெரியும் அது என்ன என்று. பேரிங் போகத் தொடங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்துகிறவன். கை தானாக மேஜையில் எதையோ தேடியது.

"சார், தட்டுது சார். நிறுத்தவா?"

"நிறுத்தாதீங்க."

"சூடு ஏறுது. ஒரு நிமிசம் ஆறவிட்டு எடுக்கவா?"

இதுதான் கஷ்டமான கேள்வி. ஆற விட்டால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த நிலைமையில் நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும், மறுபடி சுற்றாது. பேட்டரியிலும் சத்து இல்லை. ஓடுகிற வரைக்கும்தான் அது எஞ்சின்.

"என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க முருகேசன். அதுவா நின்னா நிக்கட்டும்."

எல்லோரும் அந்த வயர்லெஸ் பெட்டிக்குள் ஒரு எஞ்சின் செத்துக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தட்டல் இடியாக மாறியது. செல்வி உள்ளே வந்து கருப்பையாவுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. நான் செய்த எஞ்சின், நான் ஓட்டச் சொல்கிறேன்.

பிறகு ஒரு கிறீச்சிடல். அப்புறம் ஒன்றுமே இல்லை.

மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் முருகேசன் குரல்.

"நின்னுருச்சு சார்."

"எங்கிட்டு இருக்கீங்க?"

"பைபர் போட்டு தெரியுது சார். ரெண்டு மூணு நிக்கிது. வல போட்டுக்கிட்டு இருக்காக."

பைபர் போட்டு என்பது கரையை ஒட்டிப் போகிற சின்னப் படகு. அவை எல்லைப் பக்கம் போவதே கிடையாது. அவை கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்துவிட்டது என்றால் நம் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி. செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கருப்பையா வெளியே போய், இழுத்து வர ஒரு விசைப்படகை அனுப்புவதற்கு ஆள் தேடினார். மூன்று பேர் நான் நீ என்று கிளம்பினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள். முருகேசன் முழங்கை வரை கறுப்பு எண்ணெயோடு இறங்கினார். பாமாயில் வாடை வேறு. நேராகக் கருப்பையாவிடம் போனார்.

"எஞ்சினு போச்சுண்ணே."

"நீ வந்துட்டேல்ல. போயிச் சாப்புடு."

சாப்பிடப் போகாமல் என்னிடம் வந்தார். "சார், நீங்க இன்னக்கி ஐஸ் பிளான்ட்டுக்கு வராம இருந்துருந்தா நான் என்னா செஞ்சுருப்பேன் தெரியுமா?"

"ஒடச்சிருப்பீங்க" என்றேன்.

"இல்ல சார். கேட்டுக்கிட்டே இருந்துருப்பேன். பார்டரத் தாண்டுனப்புறமும் வயர்லெஸ்ல கேட்டுக்கிட்டே இருந்துருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

கருப்பையாவின் ஆட்கள் சிலர், சீல் தானாக விழுந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள் சார் என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சீலை வெட்டச் சொன்னது நான் என்று எழுதினேன், கூலர் கோளாறு நம்முடையது என்றும் எழுதினேன். பொய் எழுதியிருந்தால் ஒரு எஞ்சின் கிடைத்திருக்கும், லீவர் எல்லாப் படகிலும் அப்படியே இருந்திருக்கும்.

தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேலாளர், இந்தப் பக்கம் நான், ஓரத்தில் எஞ்சினை வடிவமைக்கும் பிரிவின் தலைவர். அவரும் என் மாதிரி ரயில் எஞ்சின் பிரிவிலிருந்து வந்தவர்தான்.

மேலாளர் கேட்டார். "யாரைக் கேட்டு சீலை உடைக்கச் சொன்னீர்கள்?"

"நான் யாரையும் கேட்கவில்லை சார். அந்த டிரைவர்தான் கேட்டார். வருஷக்கணக்கில் சிறைக்குப் போகப் போகிற ஆள், படகு அடித்துக்கொண்டு போகிற நேரத்தில், ஒரு ஈயத் துண்டை வெட்டலாமா என்று கரையைக் கூப்பிட்டுக் கேட்கிறார். கேட்க வைத்தது நாம். அதைத்தான் நாம் பேச வேண்டும்" என்றேன்.

மேலாளர் பழைய பல்லவியை ஆரம்பித்தார். எஞ்சினைக் காப்பாற்ற வேண்டாமா என்றார். வடிவமைப்புத் தலைவர் அவரைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்து, "படகில் லீவர் விழாமல் மணி மட்டும் அடித்தால் போதுமா?" என்றார்.

"மணி அடிக்கட்டும். லீவரும் இருக்கட்டும். ஆனால் வேண்டாம் என்று அதைத் தள்ளி வைக்கிற சுவிட்ச் டிரைவர் கையில் இருக்க வேண்டும். சீல் கூடாது" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கூலர் கோளாறு என்பதால் கருப்பையாவுக்குக் கம்பெனி வேறு எஞ்சின் கொடுத்தது. அதை இழுத்தடித்து, சண்டை போட்டு, கடைசியில்தான் கொடுத்தார்கள். நீங்கள் இன்றைக்கு விற்கிற படகு எஞ்சினில் இருக்கிற சுவிட்ச் முதலில் ஏறியது அந்த எஞ்சினில்தான். கம்பெனி வரலாறு என்று யாராவது கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரயில் எஞ்சினாகப் பிறந்தது அன்றைக்குத்தான் படகு எஞ்சினானது.

புது எஞ்சினை மாட்டிய பிறகு சோதனை ஓட்டம். துறைமுகத்தை விட்டுக் கொஞ்ச தூரம் வெளியே போனோம். கருப்பையா முன்னால் உட்கார்ந்திருந்தார். முருகேசன் ஓட்டினார். மணி எப்போது அடிக்கும், சுவிட்சை எப்போது போட வேண்டும், போட்டால் எஞ்சின் எந்தப் பாடு படும் என்றெல்லாம் கரையிலேயே அவருக்கு விளக்கியிருந்தேன். ஆனால் எப்போது சோதிப்பேன் என்று சொல்லவில்லை. கீழே இறங்கி, அவருக்குத் தெரியாமல், பிரஷர் இறங்கிவிட்டதாகக் காட்டட்டும் என்று அதை அளக்கிற குழாயின் வால்வை மூடினேன்.

மணி அடித்தது. நான் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தேன். முருகேசன் முதலில் கடலைப் பார்த்தார், அப்புறம் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். கை நேராகச் சுவிட்சுக்குப் போனது. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.